மாசாயில் டேப்லெட் விற்றவர்

அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் வீட்டில் முதலில் நின்றுபோனது சண்டை. அப்பா ஜொகூரில் செனாய் தொழிற்பேட்டையில் ஆயுசு முழுக்கத் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். இறங்க வேண்டியவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய தொண்டை அது. வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் கழுத்தில் ஒரு துளையோடும் அதை மூடிய வெள்ளைத் துணியோடும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கரண்டியால் மேசையைத் தட்டிக் கூப்பிடும் மனிதராகிவிட்டார். நான் என்ன சொன்னாலும் அவர் பதில் சொல்ல முடியாது என்பதால் நானும் எதுவும் சொல்வதை விட்டுவிட்டேன். அம்மா போய்ப் பல வருஷமாகிறது. நானும் அவரும்தான் வீட்டில்.

எழுதிக் காட்டட்டும் என்று ஒரு சின்ன வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்தேன். அப்பா தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்டவர். கை வேறு நடுங்கும். ஒரு சொல்லை எழுதுவதற்குள் கோபம் வந்து உள்ளங்கையால் அழித்துவிடுவார். பாதி அழிந்த எழுத்தை வைத்து நான் ஊகிப்பேன். தப்பாக ஊகித்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் ஒரு நாள் தன் டேப்லெட்டை அப்பா மடியில் வைத்து, தமிழ் எழுத்துகளைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னாள். அப்பா ஒற்றை விரலால் 'அம்மா' என்று தொட்டார். டேப்லெட் அதைச் சத்தமாகச் சொன்னது. அப்பா யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை தொட்டார். பிறகு இன்னொரு தடவை.

கடையில் புதிதாக விலை கேட்டேன். மருந்து, போக்குவரத்து, துணி, குழாய் என்று போய்க்கொண்டிருந்த நேரத்தில் அதை வாங்க என்னால் ஆகாது. அப்படித்தான் ஃபேஸ்புக்கில் ஒரு பேஜைக் கண்டுபிடித்தேன். சிங்கப்பூர் அலுவலகங்கள் மாற்றிப் போடும் டேப்லெட், லேப்டாப்பையெல்லாம் வாங்கி, பழுது பார்த்து, குறைந்த விலைக்கு விற்கிறவர் ஒருவர். இடம் மாசாய் என்று போட்டிருந்தது.

அண்ணனிடம் காட்டினேன். அண்ணன் தனி வீட்டில் இருந்துகொண்டு தினமும் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஒருமுறை ஆன்லைனில் கைப்பேசி வாங்கி, பெட்டியைத் திறந்தால் உள்ளே துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி இருந்தது. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

"இவ்ளோ மலிவா எவன் கொடுப்பான்? டிப்பு லா இது, ஏமாத்து வேல. பேசாம இரு" என்றான்.

நான் பேசாமல் இருக்கவில்லை. என் வேலையே பிளாஸ்டிக் பாகங்களை வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்ப்பது. அந்த ஆளின் படங்களையும் அப்படித்தான் பார்த்தேன். ஏமாற்றுகிறவர்கள் பளபளப்பான படத்தை எங்கிருந்தாவது எடுத்துப் போடுவார்கள். இவர் போட்டதெல்லாம் ஒரே மேசையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை. முழுப் பொருளையும் ஒரு படம் எடுத்திருந்தால், அதிலுள்ள கீறலைத் தனியாக இரண்டு படம் எடுத்திருந்தார். கீழே வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எல்லாம் புகழ்ச்சியாக இல்லை. சார்ஜர் சூடாகிறது என்று ஒருவர் திட்டியிருந்தார். 'மன்னிக்கணும், கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்' என்று இவர் மலாயில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே அதே ஆள் நன்றி சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

மெசேஜ் அனுப்பினேன். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் அவரும் தமிழுக்கு மாறினார். அப்பாவின் நிலைமையைச் சொன்னேன். ஒரு டேப்லெட்டைத் தமிழ் பேச வைத்து வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ வந்தது. ஒரு விரல் எழுத்துகளைத் தொடுகிறது. பின்னால் குக்கர் விசில். ஒரு பெண் குரல், "யாருக்கு இது?" என்கிறது. "செனாய் அக்கா. அவங்கப்பாவுக்குப் பேச்சு வராதாம்" என்று அவர் சொல்கிறார். பிறகு டேப்லெட் 'வணக்கம்' என்றது. ஆனால் அந்த 'வணக்கம்' கொஞ்சம் வழுக்கியது.

"அக்கா, கொரல் சரியா இல்ல. வேற ஒண்ணு ஏத்திப் பாக்குறேன். நீங்க நேர்ல வந்து பாத்துட்டுக்கூட வாங்கிக்கலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று எழுதி வீட்டு இடத்தையும் அனுப்பினார். எனக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். முன்பணம் மட்டும் அனுப்பிவிட்டு, சரியானதும் சொல்லுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. பேஜில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் 'பொருள் எங்கே' என்று. பிறகு 'பெனிப்பு' என்று. மலாயில் மோசடிக்காரன் என்று அர்த்தம். ஒருவர் எழுதினால் அடுத்தவரும் அதையே எழுதினார். கடைசியில் அவருடைய முகப் படத்தை எடுத்து, மேலே சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, ஜொகூர்க்காரர்கள் இருக்கும் குரூப் எல்லாவற்றிலும் பரப்பிவிட்டார்கள். அந்தப் படத்தில்தான் நான் அவர் முகத்தை முதலில் பார்த்தேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி போட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல ஒரு முகம்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் அண்ணன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பலகையை எடுத்து 'விடு' என்று எழுதினார். அன்றைக்கு அதை அழிக்கவில்லை.

எனக்கு விட மனமில்லை. கீறலைத் தேடித் தேடிப் படம் எடுத்த ஒருவர் ஓடிப்போவார் என்று நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாசாய் போகிறேன் என்றேன்.

"தனியா போகாத. நாலு பேர வச்சிருப்பானுங்க" என்று அண்ணனும் காரில் ஏறிக்கொண்டான். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். போலீஸ் ரிப்போர்ட் என்ற வார்த்தை பல தடவை வந்தது.

அது ஒரு தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் எனக்கு முன்னால் வேகமாகப் போய், கதவருகில் நின்றுவிட்டான். நான் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் படம். கண்ணாடி போட்ட, சிரிக்கலாமா என்று யோசிக்கும் அதே முகம். மாலை போட்டிருந்தார்கள்.

அண்ணன் செருப்பைக் கழற்றினான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு, முப்பது இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"பொருள் வாங்குனவங்களா? முந்தாநாள் ஒருத்தர் வந்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போனாரு. உள்ள வந்து எல்லாத்தையும் பாத்துக்குங்க. நாங்க எதையும் மறைக்கல."

"இல்லம்மா" என்றேன். "நாங்க செனாய்லேர்ந்து வர்றோம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்குப் பேச்சு வராதுன்னு சொன்னது நீங்களா?"

தலையசைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கூரியர் கடையில் பார்சல் போட அவள் கணவர் மோட்டார்சைக்கிளில் போயிருக்கிறார். பாசிர் கூடாங் ஹைவேயில் பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. கைப்பேசி அவர் சட்டைப் பையில் இருந்து நொறுங்கிவிட்டது. அதில்தான் எல்லாம். பேஜுக்குள் போகும் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியாது. அடக்கம் முடிந்து துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு சொந்தக்காரர் அந்தக் குறுக்குக் கோடு போட்ட படத்தை அவளுக்கே அனுப்பி, 'இது உன் வீட்டுக்காரரா?' என்று கேட்டிருக்கிறார்.

"துக்கம் கேக்க வந்தவங்க ரெண்டு பேரு வெளியில நின்னு அதத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க அக்கா" என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரல் அது.

எழுந்து போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். மேலே ஒட்டியிருந்த தாளில் 'செனாய் அக்கா' என்று இருந்தது. "இத மட்டும் அவர் கூரியர்ல போட மாட்டேன்னாரு. நேர்ல கொண்டு போயி, அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வரணுமாம்."

திறந்து பார்த்தேன். குரலை மாற்றியிருந்தார். அது மட்டுமில்லை. ஒரு தடவை தொட்டாலே முழு வாக்கியத்தையும் பேசுகிற மாதிரிப் பெரிய பெரிய கட்டங்களாகப் போட்டு வைத்திருந்தார். தண்ணி வேணும். வலிக்குது. ஃபேனைக் கொற. வெளியே ஒக்காரணும். யாரு வந்திருக்கா? நான் எதையும் இப்படிக் கேட்கவில்லை. ஒரு கட்டத்தைத் தொட்டேன். 'நீ சாப்பிட்டியா?' என்றது அது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சட்டென்று டேப்லெட்டை நிறுத்திவிட்டேன்.

மூலையில் இன்னும் பல பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் வாங்கியவரின் பெயரும் நம்பரும் அவர் கையெழுத்தில் இருந்தன. பணம் கட்டியவர்களின் பொருள் அப்படியே கிடந்தது. என் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் எடுத்தவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். "எல்லாப் பெனிப்புவும் இதைத்தான் சொல்வான். செத்துட்டேன்னு. சர்ட்டிபிகேட் அனுப்பு பாப்போம்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவளுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து அலமாரியைத் திறந்து மரணப் பத்திரத்தை எடுத்துவந்து தரையில் விரித்தாள். "அனுப்புங்க அக்கா."

"வேணாம்மா. இவருக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அனுப்புங்க. அவங்க நம்பணும்ல."

என்னால் முடியவில்லை. அவளே என் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்தாள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று மறுபடியும் சரியாகப் பிடித்து எடுத்தாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது கார்ச் சாவி கையில் இருந்தது.

"இனிமே யாருக்கும் போன் பண்ண வேணாம். பெட்டிய எடு. நேர்ல கொண்டு போயிக் குடுத்துடுவோம்" என்றான்.

டேப்லெட்டுக்கு மீதிப் பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அடுத்து வந்த ஓய்வு நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் செய்தோம். கூலாய், ஸ்கூடாய், உலு திராம். அண்ணன் ஓட்டுவான், நான் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன். கூலாயில் ஒரு சீனப் பெண் லேப்டாப்பைக் கதவருகிலேயே திறந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். திருப்பிப் போட்டு அடியிலும் பார்த்தாள். எல்லாம் சரி என்றான பிறகுதான் விற்றவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அண்ணன் சொன்னான். அவள் லேப்டாப்பை மெதுவாக மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். எங்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

உலு திராமில் இருந்த மலாய்க்காரர்தான் பேஜில் முதலில் பெனிப்பு என்று எழுதியவர். அவர் எங்களை உட்கார வைத்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தான் எழுதியதை அழித்தார். அவர் அழித்தாலும் அதற்குக் கீழே மற்றவர்கள் எழுதியது அப்படியே இருந்தது. "எனக்குப் பின்னால இவ்வளவு பேரு எழுதுவாங்கன்னு நான் நெனைக்கல" என்றார். கேட் வரைக்கும் கூட வந்தார். அண்ணன் காரை எடுக்கும் வரை அங்கேயே நின்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவும் வருகிறேன் என்றார். டேப்லெட்டில்தான் சொன்னார். அதற்குள் கொஞ்சம் பழகியிருந்தார். அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. சென்னையில் செய்தி வாசிக்கும் பெண்ணைப் போல அவ்வளவு சுத்தமான தமிழ். அப்பா ஜென்மத்திலும் அப்படிப் பேசியவரில்லை. ஆனால் வேறு குரல் மாற்றித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். அது விற்றவர் தேர்ந்தெடுத்து வைத்தது என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

அன்று காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் அப்பா அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். கழுத்துத் துணியைச் சரி செய்துகொண்டார். டேப்லெட்டை இடது கையில் அணைத்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். நீளமான வாக்கியம். ஓர் எழுத்து தப்பாகிவிட்டது, அழித்தார். மறுபடியும் தட்டினார். அவள் அவசரப்படாமல் நின்றாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"உங்க வீட்டுக்காரர நான் பாத்ததில்ல. எம்மக பலகையில எழுதச் சொன்னா. அவர் என்னப் பேச வச்சார்" என்றது அந்தச் செய்தி வாசிக்கும் குரல்.

ஒரு சின்னப் பெண் சிரித்துவிட்டாள். அவள் அம்மா தொடையில் தட்டினாள். இறந்தவரின் மனைவி அப்பாவின் காலைத் தொட்டு எழுந்தாள். அப்பா அடுத்த வார்த்தையைத் தேடித் திரையைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார்.

பேஜை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குறுக்குக் கோடு போட்ட படத்தை எடுக்கச் சொல்லி அந்த குரூப்பை நடத்துகிறவருக்கு எழுதினேன். நீங்கள் யார், அவருடைய கூட்டாளி இல்லை என்று எப்படி நம்புவது என்று பதில் வந்தது. நடந்ததையெல்லாம் நீளமாக எழுதிப் போட்டேன். சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், 'ஆள் வைத்து எழுதுகிறார்கள், நம்பாதீர்கள்' என்று எழுதினார். அதற்குச் சிலர் கட்டைவிரலும் காட்டியிருந்தார்கள். ஆன்லைனில் எதையும் எழுதாத அண்ணன் அதன் கீழே, 'நான் பெட்டியைக் கையில் தூக்கிக் கொடுத்தவன்' என்று மலாயில் எழுதினான். அடுத்த நாள் நான் எழுதியது, அவன் எழுதியது இரண்டுமே கீழே போய்விட்டன. படம் மட்டும் மேலே இருந்தது.

வாடகை வீட்டை விட்டுவிட்டு அவள் பெக்கோக்கில் அம்மா வீட்டுக்குப் போவது என்று முடிவானபோது, சாமான்களை அண்ணன் தன் நண்பனின் வேனில் ஏற்றினான். நானும் போனேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். வழியில் அவள் அதிகம் பேசவில்லை. ஒரே ஒருமுறை, "அவருக்கு நல்லா பாடக்கூட வராதுக்கா. ஆனா வேல செய்யும்போது பாடிக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

வீட்டுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் சிலர் காத்திருந்தார்கள். அவள் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாங்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மாமா முறை உள்ள ஒரு பெரியவர் அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லாருக்கும் கேட்டது.

"அந்தக் காசு விஷயமெல்லாம் முடிஞ்சிடுச்சா? ஆளுங்க இங்க தேடி வர மாட்டாங்களே?"

அவள் கையிலிருந்த பாத்திர மூட்டையோடு ஒரு கணம் நின்றாள். பிறகு மூட்டையை உள்ளே கொண்டுபோனாள்.

அண்ணன் தூக்கிவந்த பெட்டியைக் கீழே வைத்தான். "மாமா, நான் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்து, லாரி இடித்ததிலிருந்து உலு திராம் வரைக்கும் எதையும் விடாமல் சொன்னான். வெயிலில் நின்றுகொண்டேதான். தான் முதல் நாள் சண்டை போடப் போனதையும் சொன்னான். பெரியவர் கேட்டு முடித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியேப்பா. நான் அந்தப் படத்ததான் பாத்தேன்."

உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். "அக்கா, டீ குடிச்சிட்டுத்தான் போகணும். அண்ணனையும் உள்ள வரச் சொல்லுங்க."

போனோம். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரையை எந்த மூட்டையில் வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. நானும் அவளும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையாக அவிழ்க்க ஆரம்பித்தோம்.